நான்கு செயற்கைக்கோள்கள், 30 மில்லி வினாடி: காந்தக்கோளப் பிளாஸ்மாவை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டா பக்கத்துப் பள்ளி, கல்லூரிகளில் விண்வெளி இயற்பியல் பற்றிப் பேசப் போனால் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. கும்பகோணத்தில் கேட்டதையே மன்னார்குடியிலும் கேட்கிறார்கள். நாகப்பட்டினத்தில் மட்டும் ஜிபிஎஸ் பற்றி ஒன்று கூடுதலாக வரும். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தத் தொகுப்பு. பெரும்பாலும் நாசாவின் எம்.எம்.எஸ். என்ற நான்கு செயற்கைக்கோள் திட்டத்தைப் பற்றியது. சமன்பாடுகளை விட்டுவிட்டேன். ஒன்றிரண்டு இடத்தில் பெருக்கல் கணக்கு வரும், அது இல்லாமல் விஷயம் புரியாது.

காந்தக்கோளம் என்றால் என்ன? எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

சூரியனிலிருந்து புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் எப்போதும் வந்துகொண்டே இருக்கின்றன. இதைத்தான் சூரியக் காற்று என்கிறோம். இப்படி மின்னூட்டம் கொண்ட துகள்களாகப் பிரிந்து கிடக்கும் வாயுதான் பிளாஸ்மா. பூமியின் காந்தப்புலம் இந்தக் காற்றைத் தடுத்து ஒதுக்கி, தனக்கென்று வைத்திருக்கும் இடம்தான் காந்தக்கோளம். பெயரில் கோளம் இருந்தாலும் வடிவம் கோளம் இல்லை. சூரியனைப் பார்த்த பக்கம் அமுங்கியிருக்கும், மறுபக்கம் நிலவின் சுற்றுப்பாதையையும் தாண்டி வாலாக நீண்டிருக்கும். பகல் பக்கத்து எல்லை பூமியின் மையத்திலிருந்து ஏறக்குறைய 10 பூமி ஆரங்கள் தள்ளி, அதாவது 64,000 கி.மீ. வாக்கில் இருக்கும். காற்று பலமாக அடித்தால் எல்லை உள்ளே வந்துவிடும். பெரிய புயல்களின்போது 36,000 கி.மீ. உயரத்தில் சுற்றும் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் எல்லைக்கு வெளியே மாட்டிக்கொண்டதும் உண்டு.

அங்கே பிளாஸ்மா இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அது வெற்றிடம் இல்லையா?

நம் கணக்குப்படி வெற்றிடம்தான். பகல் பக்க எல்லையருகே ஒரு கன சென்டிமீட்டரில் பத்து, இருபது துகள்கள் இருந்தால் அதிகம். வாலில் ஒரு துகள்கூடத் தேறாது. துகள்கள் ஒன்றோடொன்று நேரடியாக மோதிக்கொள்வதே இல்லை என்று சொல்லிவிடலாம். நம் வீட்டுக் காற்றில் சூடு, அழுத்தம், ஒலி எல்லாம் மூலக்கூறுகள் மோதுவதால்தான் பரவுகின்றன. மோதலே இல்லாத இடத்தில் அந்த வேலைகளை மின்புலமும் காந்தப்புலமும் செய்ய வேண்டியிருக்கிறது. இந்தத் துறையின் சிக்கல் மொத்தமும் இங்கேதான் தொடங்குகிறது.

காந்த மறுஇணைப்பு என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அது என்ன?

எதிரெதிர்த் திசையில் உள்ள இரண்டு காந்தப்புலங்கள் ஒரு மெல்லிய தளத்தில் நெருங்கும்போது, புலக்கோடுகள் அறுபட்டு வேறு விதமாக இணைந்துகொள்கின்றன. அதுவரை காந்தப்புலத்தில் அடங்கியிருந்த ஆற்றல் துகள்களுக்குப் போகிறது. துகள்கள் சூடாகி, இரண்டு பக்கமும் தாரையாகப் பீய்ச்சி அடிக்கின்றன. சூரியக் காற்றின் ஆற்றல் நம் காந்தக்கோளத்துக்குள் நுழையும் முக்கியமான வாசல் இது. வாலில் நடந்தால் துருவ ஒளி பிரகாசமாகிறது, சூரியனில் நடந்தால் பிழம்பு வெடிக்கிறது.

புலக்கோடு ‘அறுபடுவது’ என்பது படம் வரைந்து காட்டுவதற்கு வசதியான பேச்சு. பாடப்புத்தகத்துப் பிளாஸ்மாவில் புலக்கோடும் துகளும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டது மாதிரி நகரும், அறுபடவே முடியாது. அந்தக் கட்டு எங்கோ ஓர் இடத்தில் எலக்ட்ரான்களுக்கும் அவிழ்ந்தாக வேண்டும். அது எங்கே, எப்படி அவிழ்கிறது? அரை நூற்றாண்டுக்கு மேலாக இதுதான் கேள்வி.

‘வேகமான நிகழ்வு’ என்றால் எவ்வளவு வேகம்?

பெருக்கல் கணக்கு இங்கே வருகிறது. மறுஇணைப்பு நடக்கும் இடத்தில் முதலில் அயனிகள் காந்தப்புலத்தின் பிடியிலிருந்து விடுபடும். பகல் பக்க எல்லையில் அந்தப் பகுதியின் அளவு 70 கி.மீ. வாக்கில் இருக்கும். அதற்குள்ளே இன்னும் சிறிதாக, எலக்ட்ரான்களும் விடுபடும் பகுதி சில கிலோமீட்டர் தடிமனில் இருக்கும். நாம் பார்க்க வேண்டியது இந்தச் சின்னப் பகுதியைத்தான்.

எல்லை ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. சூரியக் காற்று கூடக் குறைய ஆக, நொடிக்குப் பத்திருபதிலிருந்து நூறு கி.மீ. வரை வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுகிறது. 50 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கி.மீ. தடிமனான பகுதி செயற்கைக்கோளைக் கடந்துபோக 0.1 நொடிதான் ஆகும். பழைய கருவி ஒன்று துகள்களை முழுமையாக அளக்க 4 நொடி எடுத்தால், அதற்குள் எல்லை 200 கி.மீ. போயிருக்கும். தேடிய இடம் அந்த அளவீட்டுக்குள் எங்கோ கரைந்துபோயிருக்கும். 30 மில்லி வினாடிக்கு ஒரு முறை அளந்தால் இடையில் போகும் தூரம் ஒன்றரை கி.மீ. அப்போது அந்தப் பகுதிக்குள்ளேயே மூன்று நான்கு அளவீடுகள் கிடைத்துவிடும்.

ஒரு நல்ல செயற்கைக்கோள் போதாதா? எதற்கு நான்கு?

டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலில் ஓரிடத்தில் மட்டும் நீர்மட்டக் குச்சி நட்டிருக்கிறோம். திடீரென்று மட்டம் ஏறுகிறது. மேலே ஷட்டரைத் தூக்கியதால் வாய்க்கால் முழுக்க ஏறுகிறதா, ஒரு அலை மட்டும் அந்த இடத்தைக் கடந்துபோகிறதா? ஒரு குச்சியை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. கீழே இன்னும் சில குச்சிகள் நட்டு, எதில் எப்போது ஏறியது என்று பார்த்தால் தெரிந்துவிடும். அலையின் வேகமும் கிடைக்கும்.

வாய்க்கால் ஒரே திசையில் போகிறது, வரிசையாகக் குச்சிகள் போதும். விண்வெளியில் மூன்று திசை. ஒரு தளத்துக்குள் அடங்காத நான்கு புள்ளிகள் இருந்தால்தான் காந்தப்புலம் மூன்று திசைகளிலும் எப்படி மாறுகிறது என்று கணக்கிட முடியும். அதனால்தான் நான்கு செயற்கைக்கோள்களையும் நான்முகியின் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவம்) நான்கு முனைகளில் இருப்பது போலப் பறக்க விடுகிறார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. காந்தப்புலத்தின் சுழற்சியைக் கணக்கிட்டால், ஆம்பியர் விதிப்படி நடுவில் ஓடும் மின்னோட்டம் கிடைத்துவிடும். மின்னோட்டத்தை நேராக அளக்கக் கருவி இல்லாத இடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு விதி ஒன்று கைகொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இதை முதலில் செய்தது யார்?

நான்கு செயற்கைக்கோள்கள் (இனி சுருக்கமாகக் ‘கோள்கள்’) என்ற யோசனையை முதலில் நடத்திக் காட்டியது ஐரோப்பிய விண்வெளி முகமையின் க்ளஸ்டர். தொடக்கமே சோகம். 1996 ஜூன் 4 அன்று, ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில் நான்கும் சேர்ந்து போயின. ராக்கெட்டின் வழிகாட்டு மென்பொருளில் ஒரு பெரிய எண்ணைச் சின்ன இடத்துக்குள் திணிக்கப் பார்த்ததால் கணக்கு குழம்பி, கிளம்பி ஒரு நிமிடம் ஆவதற்குள் வெடித்துவிட்டது. மறுபடி நான்கைக் கட்டி, 2000-ல் சோயுஸ் ராக்கெட்டுகளில் இரண்டிரண்டாக அனுப்பினார்கள். ரும்பா, சல்சா, சம்பா, டாங்கோ என்று நடனங்களின் பெயர் வைத்தார்கள். 2024 செப்டம்பரில் சல்சா வளிமண்டலத்தில் நுழைந்து எரியும் வரை இந்தத் திட்டம் ஓடியது. க்ளஸ்டர் தன்னைத்தானே சுற்ற 4 நொடி ஆகும், முழுத் துகள் அளவீட்டுக்கும் அதே 4 நொடி. அயனி அளவில் நிறையக் கண்டுபிடித்தது, எலக்ட்ரான் அளவுக்குள் போக முடியவில்லை.

இடையில் 2007-ல் நாசா தெமிஸ் என்று ஐந்து கோள்களை அனுப்பியது. அவை நெருங்கிப் பறக்கவில்லை, வாலில் தூரம் தூரமாக நின்றன. துருவ ஒளி வெடிப்பதற்கு முன்னால் வாலில் முதலில் நடப்பது எது என்பது அதன் கேள்வி. 2008 பிப்ரவரி 26 நிகழ்வில், மறுஇணைப்புதான் முந்தியது என்று காட்டியது.

எலக்ட்ரான் அளவுக்கென்றே கட்டியது நாசாவின் எம்.எம்.எஸ். 2015 மார்ச்சில் கேப் கனாவெரலிலிருந்து ஒரே அட்லஸ் 5 ராக்கெட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கும் போயின. இனி வருகிற பதில்கள் பெரும்பாலும் இதைப் பற்றியவைதான்.

எவ்வளவு நெருக்கமாகப் பறக்கின்றன? மோதிக்கொள்ளாதா?

2016-ல் 7.2 கி.மீ. இடைவெளிக்கு வந்தன. கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை போகிற தூரம்தான் இருக்கும். ஒவ்வொன்றும் எண்கோண வடிவில் சுமார் 3.5 மீட்டர் அகலம், அதிலிருந்து கம்பிகள் 60 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். இடத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ள ஜிபிஎஸ்ஸையே பயன்படுத்துகின்றன. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,000 கி.மீ. உயரத்தில் பூமியைப் பார்த்தபடி சுற்றுபவை. எம்.எம்.எஸ். அவற்றுக்கும் மேலே போய், பூமியின் மறுபக்கத்திலிருந்து ஓரமாகக் கசிந்து வரும் பலவீனமான சிக்னலைப் பிடிக்கிறது. 2019-ல் 1,87,000 கி.மீ. உயரத்தில் அப்படி இடம் கணித்துக் காட்டியது. நிலவுக்குப் பாதி தூரம்!

எலக்ட்ரானை எப்படி அளக்கிறார்கள்? கண்ணுக்கே தெரியாதே.

இந்தத் திட்டத்தின் உண்மையான சாதனை ராக்கெட் இல்லை, கோள்களின் வரிசையும் இல்லை, இந்தக் கருவிதான் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கருவியின் அடிப்படை எளிது. ஒன்றுக்குள் ஒன்றாக, இடையில் குறுகிய இடைவெளி விட்டு, இரண்டு அரைக்கோளத் தகடுகள். உள்தகட்டில் ஒரு மின்னழுத்தம். இடைவெளிக்குள் நுழையும் எலக்ட்ரான் அந்த மின்னழுத்தத்துக்குப் பொருத்தமான ஆற்றலோடு இருந்தால் மட்டும் வளைவில் சரியாகத் திரும்பி மறுமுனைக்கு வரும். ஆற்றல் கூடினாலும் குறைந்தாலும் சுவரில் முட்டி நின்றுவிடும். மறுமுனையில் நுண்துளைத் தட்டு ஒன்று ஒரு எலக்ட்ரானை லட்சக்கணக்கில் பெருக்கி, எண்ணக்கூடிய மின்துடிப்பாக்கும். மின்னழுத்தத்தை 32 படிகளில் மாற்றினால் 10 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 30,000 வரை 32 ஆற்றல்களில் எண்ணிவிடலாம்.

சிக்கல் திசையில் இருக்கிறது. ஒரு கருவி ஒரே நேரத்தில் விசிறி போல ஒரு தளத்தை மட்டும்தான் பார்க்கும். வானம் முழுவதையும் பார்க்க வேண்டுமென்றால்? பழைய வழக்கம், கோளைச் சுழல விடுவது. ஒரு சுற்று முடியும்போது எல்லாத் திசையும் பார்த்தாகிவிடும். அதனால் அளவீட்டின் வேகம் சுழற்சியின் வேகத்தோடு கட்டுண்டு கிடந்தது. எம்.எம்.எஸ். ஒரு சுற்றுக்கு 20 நொடி எடுக்கிறது. பழைய முறையில் போயிருந்தால் க்ளஸ்டரைவிட ஐந்து மடங்கு மெதுவாகியிருக்கும்.

இவர்கள் செய்தது இதுதான். ஒவ்வொரு கோளின் நான்கு பக்கமும் இரண்டிரண்டாக எலக்ட்ரானுக்கு 8 கருவிகள், அயனிக்கு 8 கருவிகள் வைத்தார்கள். நான்கு கோளுக்கும் மொத்தம் 64. கோள் சுழல்வதற்குப் பதில், ஒவ்வொரு கருவியின் வாயிலும் உள்ள தகடுகளுக்கு மின்னழுத்தம் கொடுத்து, பார்வையை நான்கு நிலைகளுக்கு மாற்றுகிறார்கள். 8 கருவி, தலைக்கு 4 நிலை என்று 32 திசைகள். மேலிருந்து கீழாக 16 பிரிவு. 32 ஆற்றல். பெருக்கினால் 16,384 பெட்டிகள். இத்தனை பெட்டிகளிலும் விழுந்த எலக்ட்ரான்களை எண்ணி முடிக்க 30 மில்லி வினாடி. அயனிக்கு 150 மில்லி வினாடி. அயனி கனமானது, அதன் உலகம் மெதுவானது, அது போதும்.

வேகத்துக்கு விலையும் கொடுக்க வேண்டும். அவகாசம் குறையக் குறைய ஒரு பெட்டியில் விழும் துகள்கள் குறையும். வாலைப் போல அடர்த்தி குறைந்த இடத்தில் பல பெட்டிகள் காலியாகவே கிடக்கும், பல அளவீடுகளைச் சேர்த்துத்தான் படிக்க முடியும். அப்புறம், எட்டுக் கருவியும் ஒரே மாதிரி உணர வேண்டும். ஒன்று நூற்றுக்கு இரண்டு குறைவாக எண்ணினாலும், துகள்கள் ஏதோ ஒரு திசையில் ஓடுவது போல இல்லாத ஓட்டத்தைக் காட்டிவிடும். அளவுத்திருத்தம் செய்கிறவர்களின் உழைப்பு கட்டுரைகளின் பின்னிணைப்பில் ஒளிந்திருக்கும். அதை யாரும் பாராட்டுவதில்லை.

பின்னாளில் இன்னொரு கெட்டிக்காரத்தனம் செய்தார்கள். நான்கு பார்வை நிலைகளையும் சேர்த்து ஒரே படமாக்காமல், ஒவ்வொரு நிலையையும் தனித்தனிப் படமாக எடுத்துக்கொண்டார்கள். திசைகள் கொஞ்சம் விட்டுப்போகும், ஆனால் 7.5 மில்லி வினாடிக்கு ஒரு அளவீடு கிடைத்துவிடும். புதுக் கருவி எதுவும் அனுப்பாமலே நான்கு மடங்கு வேகம்.

மின்புலம், காந்தப்புலம்?

காந்தப்புலத்துக்கு நீட்டிய கைகளின் முனையில் மேக்னெட்டோமீட்டர்கள், நொடிக்கு 128 அளவீடு. மின்புலத்துக்கு 60 மீட்டர் கம்பிகளின் முனையில் கோளங்கள். எதிரெதிர்க் கோளங்களுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டைத் தூரத்தால் வகுத்தால் மின்புலம். இது நொடிக்கு 8,192 அளவீடு வரை போகும். சுழல்வதால் கம்பிகள் தானாக விறைத்து நிற்கும், சுழற்சியை முழுக்க விடாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சுழல் அச்சின் திசையில் அப்படி விறைக்க வழியில்லை, அங்கே உறுதியான கைகளைத்தான் நீட்ட வேண்டும். அதன் முழு நீளம் 30 மீட்டருக்குள்தான், அந்தத் திசை அளவீட்டை நம்பக் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

செயற்கைக்கோளே அளவைக் கெடுத்துவிடாதா?

கெடுக்கும். வெயில் பட்டதும் அதன் உடலிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும், கோள் நேர்மின்னூட்டம் பெற்றுவிடும். பிறகு குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்களை அதுவே இழுத்து அளவைக் குழப்பும். இதைச் சமாளிக்க எம்.எம்.எஸ். இண்டியம் அயனிகளை வெளியே உமிழ்ந்து, தன் மின்னழுத்தத்தைச் சில வோல்ட்டுக்குள் அடக்கிக்கொள்கிறது. காந்தத்துக்கும் இதே தொல்லைதான். உள்ளே ஓடும் ஒவ்வொரு மின்னோட்டமும் ஒரு காந்தம். மேக்னெட்டோமீட்டரைக் கை நீட்டித் தள்ளி வைப்பது அதனால்தான். இது புதிய தலைவலியும் இல்லை. பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், கொலாபாவில் இருந்த காந்த ஆய்வகத்தையே 1904-ல் அலிபாகுக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இவ்வளவு வேகமாக அளந்தால் தரவு குவிந்துவிடாதா? எல்லாவற்றையும் கீழே அனுப்புகிறார்களா?

முடியாது. நொடிக்கு 33 முறை 16,384 பெட்டி என்றால் ஒரு கோளின் எலக்ட்ரான் கணக்கு மட்டுமே நொடிக்கு ஐந்து லட்சம் எண்களைத் தாண்டும். பூமியிலுள்ள பெரிய ஆண்டெனாக்களில் கிடைக்கும் நேரத்துக்குள் அதில் சில சதவீதம்தான் இறங்கும்.

ஆகவே இரண்டு அடுக்காகச் செய்கிறார்கள். மெதுவான, சுருக்கமான தரவு எப்போதும் கீழே வந்துவிடும். வேகமான தரவு கோளின் நினைவகத்தில் காத்திருக்கும். தரையில் ஒரு விஞ்ஞானி முறை வைத்து உட்கார்ந்து, சுருக்கத் தரவின் வரைபடங்களைப் பார்த்து, இந்த இரண்டு நிமிடம் வேண்டும், இந்த நாற்பது நொடி வேண்டும் என்று குறிப்பார். ஏன் வேண்டும் என்று ஒரு வரியும் எழுதுவார். முக்கியத்துவ வரிசைப்படி அவை இறங்கும். கேட்கப்படாதது, நினைவகம் நிறையும்போது மேலெழுதப்பட்டு அழிந்துபோகும்.

மாணவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கிறது. கோடிக்கணக்கான டாலர் செலவழித்து அளந்ததைப் படிக்காமலே அழிப்பதா? எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. தெரிந்த மாதிரி இருப்பதைத்தான் மனிதர் குறிப்பார். மறுஇணைப்பு மாதிரித் தெரிந்தால் குறிப்பார்கள், எதுவுமே நடக்காத மாதிரித் தெரிந்தால் விட்டுவிடுவார்கள். அந்த ‘எதுவுமே நடக்காத’ நேரத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போகும். இப்போது எல்லையைக் கடக்கும் இடங்களைக் கண்டுபிடிக்க இயந்திரக் கற்றலையும் துணைக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பாடம் சொன்னது பழைய விஞ்ஞானிகளின் தேர்வுகள்தானே, அதே சாய்வு அதற்கும் இருக்கும்.

சரி, இத்தனைக்கும் பிறகு என்ன கண்டுபிடித்தார்கள்?

மூன்றைச் சொல்கிறேன்.

2015 அக்டோபர் 16, நம் நேரப்படி மாலை 6.37 வாக்கில், நான்கு கோள்களும் பகல் பக்க எல்லையில் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்திலிருந்து விடுபடும் அந்தச் சின்னப் பகுதியையே தொட்டுக்கொண்டு போயின. எலக்ட்ரான்களின் வேகங்களைப் படமாகப் போட்டபோது வட்டமாக வரவில்லை, பிறை வடிவத்தில் வந்தது. எல்லையின் குறுக்கே வளைந்து வளைந்து போகும் எலக்ட்ரான்களை அங்குள்ள மின்புலம் முடுக்குவதால் பிறை உருவாகிறது. கணினிப் பாவனைகளில் முன்பே எதிர்பார்த்திருந்தார்கள். எதிர்பார்த்தது 30 மில்லி வினாடிக் கருவியில் அப்படியே வந்தது, 4 நொடிக் கருவியில் வந்திருக்கவே வாய்ப்பில்லை. 2016-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது.

2017 ஜூலை 11 அன்று வாலில் இதே மாதிரி இன்னொரு சந்திப்பு. பகல் பக்கத்தில் இரண்டு பக்கப் பிளாஸ்மாவும் வேறு வேறு, வாலில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. எலக்ட்ரான் தாரைகள் நொடிக்கு 15,000 கி.மீ. வேகத்தைத் தொட்டன.

மூன்றாவதுதான் யாரும் தேடிப் போகாதது. காந்தக்கோள எல்லைக்கு வெளியே, அதிர்ச்சியலையை (காந்தக்கோளத்தை நெருங்கும் சூரியக் காற்று சட்டென்று வேகம் குறையும் இடம்) தாண்டி வந்த சூரியக் காற்று கொந்தளித்துக் கிடக்கும் பகுதி ஒன்று உண்டு. 2016 டிசம்பர் 9 அன்று அங்கே மிக மெல்லிய மின்னோட்டத் தகடு ஒன்றில் மறுஇணைப்பு நடப்பதைப் பார்த்தார்கள். எலக்ட்ரான் தாரைகள் இரண்டு பக்கமும் இருந்தன, அயனித் தாரை இல்லை. இடம் அவ்வளவு சின்னது, அயனிகளுக்குச் சேதி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கொந்தளிக்கும் பிளாஸ்மாவில் ஆற்றல் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்ற பழைய கேள்விக்கு இது ஒரு பெரிய துப்பு.

சூரியப் புயலுக்கும் கஜா மாதிரிப் புயலுக்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. 2018 நவம்பரில் வேதாரண்யத்தைச் சூறையாடியது கடலின் வெப்பத்தில் உருவான காற்று. இங்கே பேசுவது அதைவிடப் பல்லாயிரம் கி.மீ. மேலே நடப்பது. பெயர் மட்டும்தான் ஒன்று.

டெல்டாவில் துருவ ஒளி தெரியுமா?

தெரியாது. 2024 மே 10, 11 தேதிகளில் அடித்த பெரும் சூரியப் புயலில் லடாக்கின் ஹான்லேயில் கேமராக்கள் சிவப்பு ஒளியைப் பதிவு செய்தன. நாம் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம், அந்த வேடிக்கை நமக்கு இல்லை.

படகில் இருக்கும் ஜிபிஎஸ் சில ராத்திரிகளில் தடுமாறுகிறதே, அதற்குக் காரணம் இதுவா?

நாகப்பட்டினத்துக் கேள்வி. பாதி ஆமாம். உடனடிக் காரணம் அயனி மண்டலம், அதாவது தலைக்கு மேலே நூறிலிருந்து ஆயிரம் கி.மீ. வரை. காந்த நடுக்கோட்டை ஒட்டிய நம் மாதிரிப் பகுதிகளில், பொழுது சாய்ந்த பிறகு அங்கே அடர்த்தி குறைந்த பிளாஸ்மாக் குமிழ்கள் கிளம்பும். அவற்றின் வழியே வரும் சிக்னல் மினுக்கும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் அதிகம், சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். காந்தக்கோளத்தில் புயல் அடிக்கும்போது அங்கிருந்து மின்புலம் இந்த நடுக்கோட்டுப் பகுதி வரை ஊடுருவி, குமிழ்களைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். ஆனால் படகில் ஜிபிஎஸ் தடுமாறினால் முதலில் ஆண்டெனா ஒயரைப் பாருங்கள். உப்புக் காற்று அரித்ததற்குச் சூரியன் பொறுப்பாகாது.

நம் பகுதியில் இந்த மாதிரி அளவீடு எதுவும் நடந்ததுண்டா?

உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. 1957-ல் சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி, கொள்ளிடத்துக்கு வடக்கே அண்ணாமலைநகரில் ஒரு காந்த ஆய்வகம் தொடங்கினார்கள். கூடவே திருவனந்தபுரத்திலும் ஒன்று. காந்த நடுக்கோட்டின் மேலே, 100 கி.மீ. உயரம் வாக்கில், பகலில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. திருவனந்தபுரம் அதன் நடுவில், அண்ணாமலைநகர் அதன் ஓரத்தில். இரண்டு இடத்து அளவுகளையும் ஒப்பிட்டு அந்த ஓட்டத்தைப் படித்தார்கள். இப்போது இந்திய புவிகாந்தவியல் நிறுவனம் புதுச்சேரியிலும் திருநெல்வேலியிலும் அளந்து வருகிறது. விண்ணில் நான்கு கோள்கள் பறந்தாலும் தரை அளவீடு இல்லாமல் கதை முழுமையாகாது.

இந்தியா இதில் என்ன செய்கிறது?

ஆதித்யா-எல்1. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தொலைவில் தன் இடத்தை அடைந்தது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர். அதில் சூரியக் காற்றின் துகள்களை எண்ணும் ஆஸ்பெக்ஸ், பாபா கருவிகளும், 6 மீட்டர்க் கையில் இரண்டு மேக்னெட்டோமீட்டர்களும் இருக்கின்றன. கோளின் சொந்தக் காந்தம் பக்கத்திலுள்ள உணர்வியில் அதிகமாகத் தெரியும், அதை வைத்துக் கழிக்கத்தான் இரண்டு. காந்தக்கோளத்தை வந்து தாக்கப்போவதைச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே அங்கே பார்த்துவிடலாம். ஆனால் பிளாஸ்மாவை அளக்க நெருங்கிப் பறக்கும் கோள் கூட்டம் எதையும் நாம் இன்னும் ஏவியதில்லை. ஏவ வேண்டும் என்பது என் ஆசை. நாலைந்து சிறிய கோள்களை ஒரே பி.எஸ்.எல்.வி.யில் அனுப்பும் திறமை நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது. தேவைப்படுவது வேகமான துகள் கருவியும், அதைப் பொறுமையாக அளவுத்திருத்தும் ஆட்களும்.

திருவாரூரிலோ மயிலாடுதுறையிலோ பி.எஸ்சி. படிக்கிற ஒருவர் இந்தத் தரவைத் தொட முடியுமா?

தாராளமாக. எம்.எம்.எஸ். தரவு முழுவதும் இணையத்தில் இலவசம். பைஸ்பெடாஸ் என்ற பைத்தான் மென்பொருளும் இலவசம், தரவை இறக்கி வரைபடம் போடுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். சாதாரண லேப்டாப் போதும். ஒன்று மட்டும் கவனம், முதல் நாளே வேகத் தரவை நாள் கணக்கில் இறக்காதீர்கள், மொபைல் டேட்டா போய்விடும். முதலில் மெதுவான தரவில் காந்தப்புலத்தையும் அயனிகளின் ஆற்றல் படத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போடுங்கள். காந்தப்புலத்தின் வடக்குத் திசைக் கூறு குறி மாறுகிற இடத்தில், அயனிகளின் ஆற்றலும் சட்டென்று மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அதுதான் எல்லை. அந்த இடத்துக்கு மட்டும், முன்னும் பின்னும் ஒரு நிமிடம் விட்டு, வேகத் தரவை இறக்குங்கள். அது கிடைக்கவில்லையென்றால் அன்றைக்கு முறையில் இருந்தவர் அதைக் குறிக்கவில்லை என்று பொருள், அடுத்த எல்லைக்குப் போங்கள்.